கோட்டு விளிம்பில் ஒரு மாட்டு லாடம்

1

ஐப்பசி பிறந்தால் பிரான்சின் இந்த ஊரில் மரங்கள் இலையைக் கொட்டத் தொடங்கிவிடும். நான் நகராட்சிப் பூங்காவில் வேலை பார்க்கிறேன். காலையில் வாரிச் சுத்தமாக்கிய இடத்தில் மத்தியானத்துக்குள் மறுபடியும் ஒரு மெத்தை விரிந்திருக்கும். வந்த புதிதில் எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை. விழுவது இலையின் வேலை, வாருவது என் வேலை.

பட்டாளத்திலிருந்து விலகி, குடும்பத்தோடு நான் இந்த ஊருக்குக் குடிவந்ததும் ஓர் ஐப்பசியில்தான். அந்த நாளை என் மனைவி கௌரி மறக்க மாட்டாள். வருடா வருடம் அன்று முருகன் படத்துக்குப் பூ வைத்து, சர்க்கரைப் பொங்கல் பொங்கி, மூன்று பேரும் விழுந்து கும்பிட்ட பிறகு ஆளுக்கு ஒரு கிண்ணம். இந்த வருடம் கௌரி பழக்கத்தில் மூன்று கிண்ணம் எடுத்துவிட்டாள். பிறகு ஒன்றைத் துடைத்து உள்ளே வைத்தாள். நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன். எங்கள் மகள் வள்ளி போன வாரம்தான் நார்வே நாட்டுக்கு வேலைக்குப் போனாள்.

கௌரியின் தம்பி சுந்தரம் புதுச்சேரி உப்பளத்திலிருந்து கடிதம் போட்டிருக்கிறான். "பொண்ணு பனிமலைக்கு எதுக்குப் போச்சு, அங்க இன்னாதான் இருக்குதுன்னு தெருவே கேக்குது மாமா. எனக்குச் சொல்ல வரல. நீங்களே வெவரமா எழுதுங்க, நான் எல்லாருக்கும் படிச்சிக் காட்டுறேன்" என்று கேட்டிருக்கிறான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். என் படிப்பு பிரெஞ்சுக்காரன் காலத்து ஆரம்பப் பள்ளியில் செர்த்திபிகா பரீட்சையோடு முடிந்தது. ஆகவே இதில் விஞ்ஞானம் எங்காவது தப்பாக இருந்தால் அது என் தப்பு. வள்ளி சரியாகத்தான் சொல்லியிருப்பாள்.

புதுச்சேரி கைமாறி, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், இந்தியாவா பிரான்சா என்று ஊரில் எங்களைக் கேட்ட காலத்தில் நான் சொல்தாவாக இருந்தேன், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். பிரான்ஸ் என்று கையெழுத்துப் போட்டேன். காகிதத்தில் குடும்பப் பெயர் என்று ஓர் இடம் இருந்தது. நமக்கு அது ஏது. என் அப்பா பெயரான கோவிந்தசாமியை எழுதிவிட்டார்கள். அதன் பலனை அனுபவித்தது கௌரிதான். நகராட்சி அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் "மதாம் கோவிந்தசாமி" என்று கூப்பிடுவார்கள். மாமனார் பெயருக்கு மருமகள் எப்படி எழுந்து நிற்பாள்? தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். இப்படி எத்தனையோ காலைப்பொழுதுகள் எங்களுக்குப் போயிருக்கின்றன.

2

போன வருடம் ஆகஸ்ட் மாதம் விடுமுறைக்கு மூவரும் புதுச்சேரி வந்தோம். வள்ளி அப்போது இங்கே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் சாயங்காலம் குருசுக்குப்பம் பக்கம் மணலில் உட்கார்ந்திருந்தோம். சுந்தரம் தட்டாஞ்சாவடி பட்டறையிலிருந்து நேராக வந்திருந்தான். கையில் கடைசல் எண்ணெய் வாசம் போகவில்லை.

"ஏம்மா வள்ளி, நீ இன்னா படிக்கிறன்னு கேட்டா உங்கப்பா வாலு, வாலுன்றாரு. எதோட வாலு?"

"பூமியோட வால், மாமா."

"பூமிக்கு வாலா. நான் இத்தினி வருஷம் அது மேலதான் நிக்கிறேன், பாத்ததில்லையே."

வள்ளி சிரித்தாள். கடற்காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. அவள் கிளிப்பை எடுத்துவிட்டுத் தலையைக் கடல் பக்கம் திருப்பினாள். முடி முழுவதும் பின்பக்கம் பறந்தது. "இப்போ கடல்தான் சூரியன்னு வெச்சிக்குங்க. அங்கேருந்து எப்பவும் ஒரு காத்து வருது, மின்சாரம் ஏறின காத்து. பூமியைச் சுத்தி இருக்கிற காந்தம் அதைத் தடுக்குது. தடுக்கும்போது அந்தக் காந்தமே இந்த முடி மாதிரி பின்னாடி இழுத்துக்கிட்டுப் போவுது. நிலாவைத் தாண்டி ரொம்ப தூரம். அதான் வால்."

"அதுக்குள்ள இன்னா இருக்கு?"

"பிளாஸ்மா. அணுவெல்லாம் உடைஞ்சி மின்சாரமா திரியற ஒரு வாயு. வாலுக்கு நடுவுல ஒரு படுதா மாதிரி விரிஞ்சி நிக்கும். சும்மா இருக்கிற நாள்ல அது தடிமனா, மந்தமா கிடக்கும். சூரியன்ல ஏதாச்சும் கலகம்னா அன்னிக்கி மாறிடும்."

எப்படி மாறும் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதைச் சொல்ல அவளுக்குத் தமிழ் போதவில்லை. கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள், பிரெஞ்சில் இரண்டு வார்த்தை சொன்னாள், நிறுத்தினாள். அந்த நேரம் சவ்வு மிட்டாய்க்காரர் கோலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோலின் உச்சியில் பொம்மை கை தட்டிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் அவரிடம் மிட்டாயில் கடிகாரம் செய்து கையில் கட்டச் சொல்லி அழுத பிள்ளை இவள். இப்போது ஒரு துண்டு வாங்கி, ஒரு முனையை மாமன் கையில் கொடுத்து மறுமுனையை இழுத்தாள்.

"பாருங்க. புயல் வரும்போது வால் இப்படித்தான் இழுபடும். நடுவுல இருக்கிற பிளாஸ்மா படுதா மெலிசாவுது, இன்னும் மெலிசாவுது, ஒரு இடத்துல அத்துக்கும்." மிட்டாய் அறுந்தது. "என் பக்கத்துத் துண்டு வெளியே வானத்துக்குப் போயிடும், திரும்பி வராது. உங்க பக்கத்துத் துண்டு சுருங்கி உங்க கைக்கே வருது பாருங்க. அதே மாதிரி பூமியைப் பாத்து வேகமா பாயும். பாயும்போது பயங்கரமா சூடாயிடும். படுதா மறுபடி தடிச்சிக்கும். அப்போதான் துருவத்துப் பக்கம் வானம் பச்சையா எரியும்."

"மிட்டாய் வீணாப்போச்சு" என்றாள் கௌரி.

"இன்னொண்ணு இருக்கு மாமா. அந்தப் படுதாவுல இருக்கிறதெல்லாம் சூரியன்லேருந்து வந்த சரக்குன்னுதான் முன்னே நெனச்சாங்க. இப்போ பாத்தா பெரிய புயல் நேரத்துல ஆக்சிஜன் நிறைய இருக்குது. சூரியக் காத்துல அந்த மாதிரி ஆக்சிஜன் கிடையாது. அது நம்ம பூமியோடது. நம்ம காத்து மண்டலத்து உச்சியிலேருந்து கிளம்பி வாலுக்குப் போயிருக்கு. அப்புறம் புயல்ல சூடாகித் திரும்பி வருது."

சுந்தரம் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். "புரிஞ்சிபோச்சு. அந்த ஆக்சிஜன் வேற யாருமில்ல, நீங்கதான். இங்கேருந்து கிளம்பிப் போனது. வருஷத்துக்கு ஒரு தபா ஆகஸ்ட்ல சூடா வந்து இறங்கி, மீன் விலையை ஏத்தி உட்டுட்டுப் போவுது."

வள்ளி மணலில் சாய்ந்து சிரித்தது நினைவிருக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று ராத்திரிப் பூசையில் அது மறுபடி ஞாபகத்துக்கு வந்தது. ஆண்டவன் தன் உலகத்திலிருந்து எதையும் ஒரேயடியாகத் தொலைத்துவிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டு விபூதி பூசினேன்.

கிளம்பும் நாளில் சுந்தரம் அக்காவுக்கு ஒரு மாட்டு லாடம் கொடுத்தான். பட்டறைப் பக்கத்துச் சாலையில் கிடந்து எடுத்ததாம். பிறைநிலா வடிவில் தட்டையான சின்ன இரும்பு. தேடி வாங்கினதைவிட, வழியில் தானாகக் கிடைத்த லாடத்துக்குத்தான் காவல் அதிகம் என்பது இவர்கள் வீட்டு நம்பிக்கை. வாசலில் அடிக்கத்தான் வாங்குகிறாள் என்று நான் நினைத்தேன்.

3

இங்கே திரும்பியதும் வள்ளிக்குப் புது வேலை ஒன்று சேர்ந்தது. ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் ஒரு காடு. காட்டின் நடுவில் பூமியின் காந்தத்தை அளக்கிற ஒரு மரக் குடிசை. வாரம் ஒருமுறை அவள் அங்கே போய்க் கையால் அளந்து எழுத வேண்டும். வாலுக்குள் மிதக்கும் செயற்கைக்கோள் அங்கே நடப்பதைச் சொல்லும். அங்கே அறுந்தது இங்கே பூமியில் எப்போது, எவ்வளவு வேகத்தில் வந்து இடித்தது என்பதைக் குடிசைதான் சொல்ல வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அவளுடைய ஆராய்ச்சி நிற்கும்.

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான்தான் கொண்டுபோய் விடுவேன். அந்தக் குடிசை கட்டிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. பலகைகளைச் செப்பு ஆணியால் அடித்திருந்தார்கள். பொட்டு இரும்பு கிடையாது. இரும்பு பக்கத்தில் வந்தால் கருவி பூமியை விட்டுவிட்டு இரும்பைச் சொல்ல ஆரம்பித்துவிடுமாம். அதனால் காரைத் தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கைக்கடிகாரம், சாவி, பெல்ட், தலைக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றி ஒரு கூடையில் போட்டு என் மடியில் வைத்துவிட்டு ரப்பர் செருப்போடு நடந்து போவாள். சந்நிதிக்குப் போகிறவர்கள் மாதிரி இருக்கும். உள்ளே கணப்பு வைக்கக் கூடாது என்பதால் கோட்டைக் கழற்ற முடியாது. அந்தக் கோட்டின் இரும்புப் பொத்தான்களைக்கூட வெட்டிவிட்டு மரப் பொத்தான் வைத்திருந்தாள்.

இவ்வளவு செய்தும் அளவு சரியாக வரவில்லை. மற்றவர்கள் அளந்தால் ஒழுங்காக இருக்கும். வள்ளி அளந்தால் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே. கூட வேலை செய்கிறவர்கள், "வள்ளி நிற்கிற அன்றைக்கு மட்டும் பூமியின் காந்தம் மாறிவிடுகிறது" என்று கேலி பேசினார்கள். கருவியைக் கழற்றிப் பார்த்தாள். தரைப் பலகையைத் தடவிப் பார்த்தாள். பல் மருத்துவரிடம் போய்த் தன் பல்லில் அடைத்திருப்பது என்ன என்றுகூடக் கேட்டுவிட்டு வந்தாள்.

மார்கழியில் ஒருநாள் காரில் ஏறியவள் கூடையை வாங்கவே இல்லை.

"மதாம் இன்னிக்கி கூப்பிட்டுச் சொல்லிட்டாங்கப்பா. பாஸ்குக்குள்ள சரியாகலன்னா அளக்கிற வேலையை வேற ஆள்கிட்ட குடுத்துடுவாங்களாம். அந்த வேலைக்குத்தான் எனக்கு இடம் குடுத்தது. அது போனா ஆராய்ச்சியும் அதோட நின்னுடும்."

மதாம் என்றது அவர்களுடைய ஆராய்ச்சிக்கூடத் தலைவியை. பாஸ்கு என்றால் கிறிஸ்தவர்களின் உயிர்ப்பு ஞாயிறு, பங்குனியில் வரும்.

"உன் மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. என் கையில குறைன்னு நெனைக்கிறாங்க. அது கோவத்தைவிட மோசம்."

நான் வண்டியைக் கிளப்பினேன். வீட்டுக்கு வந்து கௌரியிடம் சொன்னபோது, அவள் அப்போதே மஞ்சள் துணியில் காசு முடிந்து மயிலம் முருகனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள்.

4

தை மாதம் இங்கே மழையும் பனியும் மாறி மாறிப் பெய்யும். நனைந்து வந்த கோட்டைக் கணப்புக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துக்கொண்டே வள்ளி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கோட்டின் கீழ் விளிம்பில் செம்மண் நிறத்தில் ஒரு கறை, பிறை வடிவத்தில்.

எழுந்து போய் விரலால் தொட்டாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து உள்துணியின் தையலைப் பிரித்தாள். துருப்பிடித்த லாடம் தரையில் விழுந்தது.

"இது யாரு வெச்சது?"

கௌரி தோசைக் கல்லிலிருந்து திரும்பவில்லை. "நான்தான். ஏன்?"

"இரும்பு கூடாதுன்னு எத்தினி தபா சொல்லியிருக்கேன்மா."

"நீ சாவி கூடாது, ஊசி கூடாது, கிளிப்பு கூடாதுன்னே. இது இன்னா சாவியா? இது காவலு. வயசுப் பொண்ணு தனியா காட்டுக்குள்ள போற. கையில ஒரு இரும்பு இல்லாம அனுப்புவாங்களா?"

"தனியா போறேனா? அப்பா வராரு இல்ல?"

"அவரு கார்ல தூங்குறாரு."

அது உண்மைதான்.

வள்ளி அதன்பிறகு பிரெஞ்சுக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்தப் பாஷைதான் வரும். வேகமாக, ஏறி ஏறிப் பேசினாள். மாதக்கணக்கில் தான் ராத்திரி தூங்காதது, கருவியைச் சந்தேகப்பட்டது, தன் கையையே சந்தேகப்பட்டது எல்லாவற்றையும் சொன்னாள். கௌரிக்கு அதில் பாதி புரிந்திருக்காது. ஆனால் எல்லாம் புரிந்த மாதிரிதான் நின்றாள்.

கடைசியில், "கோவத்துக்கு ஒரு பாஷை, சோத்துக்கு ஒரு பாஷையா? திட்டுறதையும் தமிழ்லயே திட்டு, நான் வாங்கிக்கிறேன்" என்றாள்.

வள்ளி அறைக்குள் போய்விட்டாள். தோசை கருகியது. கௌரி லாடத்தைக் குனிந்து எடுத்துத் துடைத்து முருகன் படத்தின் காலடியில் வைத்தாள்.

சாயங்காலம் மகளின் அறைக் கதவுக்கு வெளியே நின்று, "நாளைக்கி உங்க மதாம பாக்க நானும் வரேன்" என்றாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது, தமிழில். "வேணாம்மா. சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். தச்சது நானு. நான் சொன்னாதான் அது உன் கை இல்லன்னு நம்புவாங்க. நீ சொன்னா சாக்குன்னு நெனைப்பாங்க."

5

மறுநாள் கௌரி பட்டுப்புடவை கட்டி, அதன் மேல் கோட்டு போட்டு, லாடத்தை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள். நான் பூங்காவில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பெண் எட்டிப் பார்த்து, "மதாம் கோவிந்தசாமி" என்று கூப்பிட்டாள். கௌரி சட்டென்று எழுந்து நின்றாள். இத்தனை வருடத்தில் அந்தப் பெயருக்கு அவள் முதல் அழைப்பிலேயே எழுந்தது அன்றைக்குத்தான்.

தலைவி நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய அம்மாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கடுகடுப்பும் இல்லை. வள்ளி சுவரோரமாக நின்றாள். கௌரி துணியைப் பிரித்து லாடத்தை மேசையில் வைத்துத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் பேசினாள். அதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: "இரும்பு. நான். கோட்டுக்குள் தையல். மகளுக்குத் தெரியாது. மகள் கை நல்ல கை."

அந்த அம்மாள் இழுப்பறையைத் திறந்து ஒரு காந்த ஊசிப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். லாடத்தை மெல்ல அதன் பக்கம் நகர்த்தினார். ஊசி திடுக்கிட்ட மாதிரி சுற்றியது. தள்ளி வைத்தார், பழைய இடத்துக்கு வந்தது. கோட்டு அசைய அசைய ஒவ்வொரு தடவையும் அளவு ஏன் வேறு மாதிரி வந்தது என்பது எனக்கே அப்போது விளங்கிவிட்டது.

"இதை எதற்காகத் தைத்தீர்கள்?"

கௌரி என்னைப் பார்த்தாள். பெண் பிள்ளை தனியாக வெளியே போனால் எங்கள் ஊரில் இரும்பு கொடுத்து அனுப்புவது வழக்கம், கெட்டது அண்டாது என்று நான் சொன்னேன்.

"எங்கள் கிராமத்திலும் வாசல் கதவில் லாடம் அடிப்பார்கள்" என்றார் அந்த அம்மாள். "ஆனால் காந்தக் குடிசைக்குள் கொண்டுபோக மாட்டார்கள்."

சிரித்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அடுத்து வள்ளியிடம் பேசியபோது குரல் பழையபடி ஆகிவிட்டது. லாடம் தைத்த நாளிலிருந்து அவள் அளந்தது எல்லாம் குப்பைக்கு. முதலிலிருந்து அளக்க வேண்டும். பாஸ்கு வரை என்று சொன்ன கெடு அப்படியே இருக்கிறது. அதற்குள் ஒரு நல்ல புயல் வந்து, குடிசை அளவும் செயற்கைக்கோள் அளவும் பொருந்தினால் சரி. வராவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

முடிந்தது என்று நான் எழுந்தேன். கௌரி எழவில்லை. கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "இது?" என்றாள்.

அந்த அம்மாள் என்ன ஏது என்று கேட்கவில்லை. பொட்டலத்தை வாங்கி ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். ஊசி அசையவில்லை. இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார்.

"இது போகலாம்" என்றார்.

படி இறங்கும்போது கௌரி என் காதருகே சொன்னாள். "பாத்தீங்களா, அந்த ஊசிக்கே தெரியுது."

6

மாசி முடிய இருந்த ஒரு நாள். பூங்கா அலுவலகத்துக்கு வள்ளி போன் செய்தாள். முன்தினமே சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு என்று தகவல் வந்திருந்ததாம். "அப்பா, வண்டிய எடுத்துக்கிட்டு உடனே வாங்க. செயற்கைக்கோள் இப்போ சரியா வாலுக்குள்ள இருக்கு."

காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். கடிகாரம், சாவி, கிளிப் எல்லாவற்றையும் கழற்றிக் கூடையில் போட்டாள். கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அதில் விபூதிப் பொட்டலம் இருந்தது. குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று நான் தூங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த புயல் நம்மூர்ப் புயல். கடல் பொங்கும், தென்னை சாயும், ஓடு பறக்கும். இங்கே ஓர் இலைகூட ஆடவில்லை. ஒரு குருவி கிளை மாறி உட்கார்ந்தது. ஆனால் அந்த நேரத்தில் பூமிக்கு மறுபக்கம், நிலாவுக்கும் அப்பால் வரை போன வாலில் படுதா மெலிந்துகொண்டிருந்தது, அறுந்துகொண்டிருந்தது, கொதித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. நாம் கேட்கிற சத்தத்தை வைத்து ஒரு காரியம் பெரியதா சின்னதா என்று சொல்ல முடியாது போலிருக்கிறது. முருகா என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டேன்.

வள்ளி பலமுறை உள்ளே போனாள், வெளியே வந்து கையைத் தேய்த்துக்கொண்டாள், மறுபடி போனாள். வெயில் சாய்ந்த பிறகு வந்து காரில் உட்கார்ந்தாள். விரல் விறைத்துப்போய்க் கடிகாரத்தைக் கட்ட முடியவில்லை. நான் கட்டிவிட்டேன்.

"நல்லா வந்துதாம்மா?"

"இங்க நல்லா வந்துது. கருவி முள்ளு அப்படியே விழுந்துச்சுப்பா. இனிமே அந்தப் பக்கம் இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்."

அந்தப் பக்கத்துக் கணக்கு வர வாரங்கள் ஆகின. பாஸ்குக்குச் சில நாள் முன்பு அது வந்த அன்று வள்ளி ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நேராகப் பூங்காவுக்கே வந்துவிட்டாள். நான் ரோஜாச் செடிகளைக் கழித்துக்கொண்டிருந்தேன். மண்ணில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாள். புயலுக்கு முன்னால் வாலில் இருந்தது பெரும்பாலும் சூரியன் சரக்கு. படுதா மெலிந்து அறுந்த நேரமும் குடிசையில் அவள் அளந்த நேரமும் ஒட்டிப் பொருந்தியிருக்கின்றன. அதன்பிறகு படுதா தடித்தபோது ஆக்சிஜன் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. சூரியன் சரக்குக்குச் சமமாக நிற்கிற அளவுக்கு.

"அவ்வளவும் நம்ம காத்துப்பா. இங்கேருந்து போனது."

"நாம விட்ட மூச்சா?"

"அப்படிச் சொல்ல முடியாது. ரொம்ப உசரத்துல இருக்கிறது அது." எழுந்து கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "அம்மாகிட்ட வேணும்னா அப்படியே சொல்லுங்க."

அவளுடைய இடம் நிலைத்தது. கோடையில் பட்டமும் கிடைத்தது. அதோடு நார்வேயிலிருந்து அழைப்பும் வந்தது. வானம் பச்சையாக எரிகிற இடம் அது. அங்கே குடிசையில் நின்று அளக்கிற வேலை இல்லை, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற வேலைதான் என்றாள். பிடித்து வைக்க நாங்கள் யார். நாங்களும் ஒரு காலத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர்கள்தானே.

சுந்தரம், ஒரு வேலை இருக்கிறது. உன் அக்கா நேர்ந்த பால்குடம் மயிலத்தில் அப்படியே நிற்கிறது. கார்த்திகைக்குள் நீ எடுத்துவிடு. லாடம் கொடுத்தவன் நீதானே.

7

இனி விமான நிலையத்தில் நடந்ததை எழுதி முடித்துவிடுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கௌரி முருகன் படத்தைத் துடைத்தபோது காலடியில் லாடம் இல்லை. என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது. குப்பையோடு போயிருக்கும் என்றேன். "போனா போவட்டும். அதால பட்டது போதும்" என்று சொல்லிவிட்டு, மகளின் பெட்டியில் எலுமிச்சை ஊறுகாயை வைத்துக் கட்டினாள்.

விமான நிலையத்தில் ஒரு கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரைதான் எங்களை விட்டார்கள். வள்ளி எங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் அப்படிச் செய்து பல வருடம் ஆகிறது. சுற்றியிருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு சோதனை வாசலுக்குள் நுழைந்தாள். மணி அடித்தது.

திரும்ப வரச் சொன்னார்கள். கடிகாரத்தைக் கழற்றினாள், பெல்ட்டைக் கழற்றினாள். காட்டில் கூடையில் போட்டவையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. மறுபடி நுழைந்தாள். மறுபடி மணி அடித்தது. சீருடை போட்ட ஒரு பெண் வந்து அவளை ஓரமாக நிறுத்தி, தோளிலிருந்து தடவிக்கொண்டே வந்தாள். கோட்டின் கீழ் விளிம்பில் கை நின்றது. துணியோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாள்.

வள்ளி எங்கள் பக்கம் திரும்பவில்லை. பிரெஞ்சில் ஒரே ஒரு வரி சொன்னாள். அந்தப் பெண் இன்னொரு தரம் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, போ என்று தலையை ஆட்டினாள்.

கௌரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "இன்னாவாம்? இன்னா சொன்னா?"

"'அது என் அம்மாவோடது, என்கூட வருது'ன்னு சொன்னா."

கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வள்ளி கோட்டின் விளிம்பைத் தட்டிச் சரிசெய்துகொண்டு நடந்து போவது தெரிந்தது. கூட்டத்தில் கலக்கும்வரை கௌரி அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குத் தையலே வராதே" என்றாள். "விழுந்துடாம இருக்கணும்."